கறிமிளகாய் உறைப்பது ஏன்? வீட்டில் விதை எடுப்போர் கவனத்துக்கு

யாழ்ப்பாணத்தின் கோப்பாய், உரும்பிராய்ப் பக்கத்துச் செம்மண் தோட்டங்களுக்குக் கள அலுவலாகச் செல்லும்போது, "பச்சை மிளகாய்க்குப் பக்கத்திலை வைச்சதாலை கறிமிளகாயும் உறைக்குது" என்ற முறைப்பாட்டை அடிக்கடி கேட்கிறேன். காரணம் பாதி சரி, காலம்தான் பிழை. காயின் சதையும், விதைகள் ஒட்டியிருக்கும், உறைப்பு உண்டாகும் வெண்ணிற உட்பகுதியும் தாய்ச்செடியின் இழையங்களே என்பதால், தேனீ கொண்டுவந்த அயல் மகரந்தம் இந்தப் போகத்துக் காயின் உறைப்பை மாற்றாது. அது விதைக்குள் இருக்கும், அடுத்த செடியாக வளரும் முளையத்தைத்தான் மாற்றும். எனவே, கலப்பு நிகழ்ந்தது விதை எடுத்த முந்திய போகத்தில்.

மிளகாயில் உறைப்பு ஆட்சியான இயல்பு, அதாவது மற்றதை மறைத்து வெளிப்படுவது; உறைப்பின்மை பின்னிடைவானது, அதாவது மறைந்து நிற்பது. உறைப்பே இல்லாத கறிமிளகாயின் பூவில் தூய பச்சை மிளகாயின் மகரந்தம் விழுந்து உருவான விதையில் உறைப்புக்கும் உறைப்பின்மைக்குமான இரண்டு பரம்பரையலகுகளும் (ஜீன்கள்) இருந்தாலும், முளைக்கும் செடி உறைக்கவே செய்யும். அச்செடி தன் மகரந்தத்தாலேயே சேர்க்கையுற்றால், அடுத்த தலைமுறையில் ஏறத்தாழ நான்கில் ஒரு செடி மீண்டும் உறைப்பின்றி வரும். பரம்பரை விதிகளைக் கண்டறிந்த மெண்டல் 1866 இல் வெளியிட்ட பட்டாணிக் கணக்கில் 5,474 உருண்டை விதைகளும் 1,850 சுருங்கிய விதைகளும் இருந்தன. இதே மூன்றுக்கு ஒன்று. ஆனால் நான்கு கன்று மட்டும் நட்டுவிட்டு ஒன்றை எதிர்பார்க்க வேண்டாம். மூன்றில் ஒரு தடவையளவில் நான்குமே உறைக்கும்.

தெரிவு செய்வோர் கவனிக்க வேண்டியது இதுதான். உறைக்காத செடி தூயது; அயல் மகரந்தம் படாமல் காத்தால் அதன் பரம்பரை உறைக்காது. உறைக்கும் செடிகளிலோ மூன்றில் இரண்டு, உறைப்பின்மையை மறைத்து வைத்திருக்கும். அவற்றை நாக்கால் பிரித்தறிய முடியாது. செடிக்குச் செடி விதையைத் தனியாக எடுத்து, தனித்தனிப் பாத்தியில் விதைத்துப் பார்த்தால்தான் தெரியும். பொறுமை வேண்டிய வேலை. கடையில் வாங்கும் கலப்பினப் பக்கற் விதையில் வளர்ந்த செடியிலிருந்து எடுத்த விதை பலவிதமாக முளைப்பதும், மறைந்திருந்த இயல்புகள் இப்படிப் பிரிந்து வெளிப்படுவதால்தான். விளைச்சல், காயின் பருமன் போன்றவற்றைப் பல பரம்பரையலகுகள் சேர்ந்து தீர்மானிப்பதால், அவற்றுக்கு இந்த எளிய கணக்குப் பொருந்தாது.

கறிமிளகாய் விதை வேண்டுமெனில், இதழ் விரியாத வெண்மொட்டுகளை மெல்லிய துணிப் பையால் மூடி, காலையில் கிளையை மெதுவாக அசைத்து, பிஞ்சு பிடித்ததும் பையைக் கழற்றிக் காம்பில் நிறநூல் கட்டிவிடுங்கள். சமையலுக்குப் பறிப்பவருக்கும் அந்த நூலைப் பற்றிச் சொல்லி வையுங்கள். நன்றாகப் பழுக்கும் வரை அந்தக் காய் செடியிலேயே நிற்க வேண்டும்.