சிந்த்வேவ்: சேர்ப்பொலி அலை

'சிந்த்வேவ்' என்பதை 'எண்பதுகளின் இசை' என்று தமிழில் எழுதுவோர் உண்டு. அது பொருந்தாது, எண்பதுகளில் இந்தப் பெயரே கிடையாது. அந்தப் பத்தாண்டில் சிறுவர்களாக இருந்த பிரெஞ்சுக் கலைஞர்கள் சிலர் 2000-களில் உருவாக்கிய இசை இது. 'கவின்ஸ்கி', 'காலேஜ்' என்ற புனைபெயர்களில் இயங்கிய இருவரின் பாடல்கள் 2011-இல் வெளியான 'டிரைவ்' திரைப்படத்தில் ஒலித்த பிறகு, இதற்கு உலகெங்கும் ரசிகர்கள் பெருகினார்கள். இதன் இன்னொரு பெயரான 'அவுட்ரன்', சேகா நிறுவனம் 1986-இல் வெளியிட்ட கார் ஓட்டும் வீடியோ விளையாட்டிலிருந்து வந்தது.

'சிந்த்' என்பது, மின்னணு முறையில் ஒலியை உருவாக்கும் இசைக்கருவியான 'சிந்தசைசர்' என்பதன் சுருக்கம். 'சேர்த்து வைத்தல்' என்ற பொருளுடைய கிரேக்கச் சொல்லே அதன் வேர். 'வேவ்' என்பது 'நியூ வேவ்' என்ற முந்தைய இசைப்போக்கின் பெயரிலிருந்து வந்தது. ஆகவே இங்கே அலை என்பது ஒலியலை அன்று, ஒரு கலைப்போக்கு.

இந்த இசையின் ஈர்ப்பு வெறும் பழமையில் இல்லை. சிந்தசைசரில் ஒலியை எழுப்பும் பகுதிக்கு அலையியற்றி என்று பெயர். ஒரே சுரத்தை எழுப்பும் இரண்டு அலையியற்றிகளைச் சுருதியில் மயிரிழை விலக்கி வைத்தால், இரண்டும் உரசி, ஒலி மெல்ல அசைந்து அகலும். அதன் கீழே, பெரிய கூடத்தில் அடித்ததுபோல் விரியும் முரசொலியின் எதிரொலி, அடங்குவதற்கு முன்பே சட்டென வெட்டப்படும். இந்த ஒலிகளைக் கேட்கும்போது, எண்பதுகள் கற்பனை செய்த, ஆனால் வராமலே போன ஓர் எதிர்காலத்துக்காக மனம் ஏங்குகிறது. அந்தக் காலத்தில் பிறந்தே இராதவர்களும் இந்த ஏக்கத்தை உணர்வதுதான் என்னை மிகவும் வியக்க வைக்கிறது.

தமிழில் இதற்கு என்ன சொல்லலாம்? 'போட்டோசிந்தசிஸ்' என்பதைப் பாடநூல்கள் 'ஒளிச்சேர்க்கை' என்கின்றன. அதே வழியில் 'ஒலிச்சேர்க்கை' என்றால் எழுத்தில் பிழையில்லை. ஆனால் பேச்சில் இரண்டும் ஒன்றாகவே காதில் விழும். எனவே சொற்களை முன்பின்னாக மாற்றிச் 'சேர்ப்பொலி அலை' என்பதையே நான் பரிந்துரைப்பேன். சங்கத் தமிழில் 'சேர்ப்பு' என்றால் கடற்கரை. கடற்கரை நிலமான நெய்தலுக்குரிய பொழுது எற்பாடு, அதாவது சூரியன் மறையும் நேரம்; உரிப்பொருள் இரங்கல், அதாவது ஏங்கி வருந்துதல். இந்த இசைத்தட்டுகளின் அட்டைகளில் மீண்டும் மீண்டும் வரைந்திருப்பதும், அடிவானத்தில் அமிழும் பெரிய சூரியனைத்தான்.