சோதனைத் தட்டில் நொதி நின்றால் மட்டும் மலேரியா மருந்து ஆகிவிடாது

"மலேரியா ஒட்டுண்ணியின் முக்கிய நொதியை முடக்கும் சேர்மம் கண்டுபிடிப்பு" என்ற வகைச் செய்திகள் அடிக்கடி வருகின்றன. பெரும்பாலும் பொய்யில்லை. ஆனால் அந்த ஒரு வரிக்கும் நோயாளி விழுங்கும் மாத்திரைக்கும் நடுவே எத்தனை படிகள் இருக்கின்றன, எந்தப் படியில் எது சறுக்கும் என்பதைச் செய்தி சொல்வதில்லை. ஆய்வகத்தில் புதிதாகச் சேரும் மாணவர்களுக்கும் இது பல நேரம் தெளிவாக இருப்பதில்லை.

முதலில், நொதியைக் குறிவைப்பது ஏன்? மலேரியா ஒட்டுண்ணியான பிளாஸ்மோடியம் பால்சிபேரம் மனிதச் சிவப்பணுவுக்குள் புகுந்து சுமார் 48 மணி நேரத்தில் பதினாறு முதல் முப்பது வரையிலான குஞ்சுகளாகப் பிரிகிறது. அவ்வளவு டி.என்.ஏ. கட்ட, அதன் மூலப்பொருள்களில் ஒன்றான பிரிமிடின் ஏராளமாக வேண்டும். மனித செல்கள் பிரிமிடினைப் புதிதாகவும் செய்யும், வெளியிலிருந்தும் எடுத்துக்கொள்ளும். ஒட்டுண்ணிக்கு இரண்டாவது வழி கிடையாது. தானே செய்துகொள்ள வேண்டும். அந்த வழியில் உள்ள டைஹைட்ரோ ஒரோட்டேட் டிஹைட்ரோஜினேஸ் (சுருக்கமாக டி.எச்.ஓ.டி.எச்.) நொதியை அடைத்தால் ஒட்டுண்ணி சாகும், மனித செல் சமாளித்துக்கொள்ளும். நல்ல இலக்கு என்றால் இப்படி இருக்க வேண்டும்: ஒட்டுண்ணிக்கு இன்றியமையாதது, மனிதனிடம் இல்லாதது அல்லது வடிவம் போதிய அளவு வேறுபட்டது.

"இன்றியமையாதது" என்பதை யார் எப்படிச் சரிபார்த்தார்கள் என்பதில்தான் பல ஆராய்ச்சிகள் தடுக்கி விழுந்தன. ட்ரைக்ளோசான் கதை இதற்குச் சரியான பாடம். பற்பசையிலும் சோப்பிலும் கிருமிநாசினியாகச் சேர்க்கப்பட்ட இந்தச் சேர்மம், கொழுப்பு அமிலம் கட்டும் ஃபேப்-ஐ நொதியைத் தடுக்கும். மலேரியா ஒட்டுண்ணியில் அந்த நொதி இருக்கிறது, ட்ரைக்ளோசான் வளர்ப்பில் ஒட்டுண்ணியைக் கொல்கிறது, நோயுற்ற எலியைக் குணப்படுத்துகிறது என்று 2001இல் பெங்களூருவின் சுரோலியா குழுவினர் காட்டினார்கள். உலகெங்கும் ஃபேப்-ஐ தடுப்பான்களைத் தேடும் வேலை தொடங்கியது. 2008இல் வேறொரு குழு ஒட்டுண்ணியின் மரபணுத் தொகுதியிலிருந்து ஃபேப்-ஐ மரபணுவையே வெட்டி எடுத்துவிட்டது. இரத்த நிலையில், அதாவது சிவப்பணுவுக்குள் வாழும் கட்டத்தில், ஒட்டுண்ணி எந்தக் குறையும் இல்லாமல் வளர்ந்தது. அதைவிட முக்கியம், நொதியே இல்லாத அந்த ஒட்டுண்ணியையும் ட்ரைக்ளோசான் அதே அளவில் கொன்றது. ஃபேப்-ஐ தேவைப்படுவது கல்லீரல் நிலையின் கடைசிக் கட்டத்தில். காய்ச்சல் தருவதோ இரத்த நிலை. அப்படியானால் ட்ரைக்ளோசான் எதைத் தாக்கிற்று? ஈவ் என்ற தானியங்கி ஆய்வு எந்திரத்தின் துணையோடு 2018இல் வெளியான ஆய்வு ஒரு விடை தந்தது: ஃபோலேட் வழியில் உள்ள டைஹைட்ரோஃபோலேட் ரிடக்டேஸ். பைரிமெத்தமின் என்ற மலேரியா மருந்து பல பத்தாண்டுகளாகத் தாக்கி வரும் அதே பழைய நொதி.

ஆகவே நொதி தடைபடுவதையும் ஒட்டுண்ணி சாவதையும் தனித்தனியே காட்டினால் போதாது. முதலாவதால்தான் இரண்டாவது நடந்தது என்று நிறுவ வேண்டும். அதற்கு அழகான வழிகள் உண்டு. ஒட்டுண்ணி செல்லுக்குள் இருக்கும், தாவரப் பசுங்கணிகம் போன்ற உறுப்பான அபிகோபிளாஸ்டைத் தாக்கும் சேர்மமா என்று அறிய, ஊடகத்தில் 200 மைக்ரோமோலார் ஐசோபென்டெனைல் பைரோபாஸ்பேட் சேர்த்துப் பார்க்கலாம். இரத்த நிலையில் அந்த உறுப்பிடமிருந்து ஒட்டுண்ணிக்குத் தேவைப்படுவது இந்தப் பொருள்தான். ஒட்டுண்ணி பிழைத்தால் சந்தேகம் உறுதியாகிறது. டி.எச்.ஓ.டி.எச்.சுக்கு, ஈஸ்ட்டின் நொதியைச் சுமக்கும் மரபணு மாற்ற ஒட்டுண்ணி இருக்கிறது. ஈஸ்ட் நொதி வேறு வகை என்பதால் தடுப்பான் அதைத் தொடாது. சாதாரண ஒட்டுண்ணி செத்து இது பிழைத்தால் இலக்கு சரி. ஒரு எச்சரிக்கை: மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள சைட்டோகுரோம் பி.சி.1 என்ற நொதித் தொகுதியை அடைக்கும் மலேரியா மருந்தான அட்டோவகுவோனிலிருந்தும் இந்த ஒட்டுண்ணி தப்பிவிடும். இரத்த நிலையில் அந்தத் தொகுதியின் முதன்மை வேலை டி.எச்.ஓ.டி.எச்.சுக்கு வேண்டிய யுபிகுவினோனை (கோஎன்சைம் க்யூ) புதுப்பித்துத் தருவதுதான். எனவே தப்பியது இலக்கின் சுற்றுவட்டாரத்தைத்தான் காட்டும். நொதிச் சோதனையையும் சேர்த்தே முடிவுக்கு வர வேண்டும்.

நொதிச் சோதனை பார்வைக்கு எளிது. டி.எச்.ஓ.டி.எச். என்றால் பி.எச். 8 உள்ள 100 மில்லிமோலார் ஹெப்பஸ் தாங்கல் கரைசல், 150 மில்லிமோலார் உப்பு, 10 சதவீதம் கிளிசரால், சிறிது ட்ரைடான் எக்ஸ்-100. அதில் 200 மைக்ரோமோலார் டைஹைட்ரோ ஒரோட்டேட், 20 மைக்ரோமோலார் கோஎன்சைம் க்யூ, 120 மைக்ரோமோலார் டி.சி.ஐ.பி. சாயம். நொதி 5 முதல் 10 நானோமோலார். நொதி வேலை செய்யச் செய்ய நீலச் சாயம் நிறமிழக்கும். 600 நானோமீட்டரில் அளக்கிறோம்.

சறுக்கும் இடங்கள் மூன்று. ஒன்று, நீரில் நன்றாகக் கரையாத சேர்மங்கள் நுண்திரள்களாகச் சேர்ந்து நொதியை ஒட்டவைத்துக்கொள்ளும். எந்த நொதியைக் கொடுத்தாலும் "தடுக்கும்". 0.01 சதவீத ட்ரைடான் சேர்த்ததும் தடுப்பு மறைந்தால் அந்தச் சேர்மத்தை விட்டுவிடலாம். இரண்டு, ஃபால்சிபெயின் போன்ற சிஸ்டீன் புரோட்டியேஸ்கள், சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தைக் கொண்டு புரதங்களை வெட்டும் நொதிகள். அவற்றுக்கு டி.டி.டி. என்ற ஒடுக்கி (எலக்ட்ரான் தரும் பொருள்) வேண்டும். குவினோன் வகைச் சேர்மங்கள் அதோடு சேர்ந்து ஹைட்ரஜன் பெராக்சைடை உருவாக்கி, நொதியின் சிஸ்டீனை எரித்துவிடும். பெராக்சைடைச் சிதைக்கும் கேட்டலேஸ் நொதியைச் சேர்த்தால் குட்டு வெளிப்படும். மூன்றாவது வெறும் கணக்கு: 10 நானோமோலார் நொதி போட்ட சோதனையில் 5 நானோமோலாருக்குக் கீழே பாதித் தடுப்பு அளவு வர முடியாது. பாதி நொதியை அடைக்கவே அவ்வளவு மூலக்கூறு தேவை. 1 நானோமோலார் என்று யாராவது அறிவித்தால், எவ்வளவு நொதி போட்டார்கள் என்று முறைப் பகுதியைத் திருப்பிப் பாருங்கள்.

அடுத்தது உயிருள்ள ஒட்டுண்ணி. டிரேகரும் ஜென்சனும் 1976இல் வகுத்த தொடர் வளர்ப்பு முறைதான் இன்றும் அடிப்படை. ஆர்.பி.எம்.ஐ. 1640 ஊடகம், 10 சதவீதம் மனித சீரம் அல்லது அதற்கு மாற்றான 0.5 சதவீதம் அல்புமேக்ஸ், பியூரின் மூலப்பொருளான ஹைப்போசாந்தின், 37 டிகிரி, 5 சதவீத அளவுக்குக் குறைந்த ஆக்சிஜன். சோதனைக்கு முன் 5 சதவீத சார்பிடாலில் பத்து நிமிடம் வைத்தால் முதிர்ந்த நிலைகள் உடைந்து, இளம் வளைய நிலை மட்டும் மிஞ்சும். 2 சதவீத ஹிமட்டோகிரிட் (சிவப்பணுக்களின் பங்கு), 0.5 முதல் 1 சதவீத ஒட்டுண்ணி அளவு, 72 மணி நேரம். பிறகு செல்லை உடைக்கும் கரைசலோடு, டி.என்.ஏ.வில் ஒட்டி ஒளிரும் சைபர் கிரீன் சாயம், ஒரு மணி நேரம் இருட்டில், ஒளிர்வு அளவீடு. சிவப்பணுவில் டி.என்.ஏ. இல்லை என்பதே இதன் அடித்தளம். ஆகவே இரத்தத்தில் வெள்ளணு மிஞ்சியிருந்தால் பின்னணி ஒளி ஏறி, எல்லாக் கணக்கும் கெடும். சேர்மத்தைக் கரைக்கும் டி.எம்.எஸ்.ஓ. 0.5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. தட்டின் ஓரக் கிணறுகளில் வெறும் ஊடகம் ஊற்றிவிடுங்கள், அவை உலரும்.

இவற்றைவிடப் பெரிய பொறி ஊடகத்திலேயே இருக்கிறது. சாதாரண ஆர்.பி.எம்.ஐ.யில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஃபோலிக் அமிலமும் ஒட்டுண்ணி ஃபோலேட் கட்ட உதவும் பாபா (பாரா-அமினோ பென்சாயிக் அமிலம்) 1 மில்லிகிராமும் உண்டு, மனித இரத்தத்தில் இருப்பதைவிடப் பன்மடங்கு. ஃபோலேட் வழியைத் தாக்கும் சேர்மத்தை, குறிப்பாக சல்ஃபா வகையை, இதில் சோதித்தால் நல்ல மருந்தும் மந்தமாகத் தெரியும். ஃபோலேட் குறைத்த ஊடகம் இல்லாமல் இந்த எண்களை ஒப்பிட்டுப் பயனில்லை. பியூரின் வழித் தடுப்பான்களுக்கு ஹைப்போசாந்தினிலும் இதே சிக்கல். நேரமும் ஏமாற்றும்: டாக்சிசைக்ளின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லிகள் முதல் சுற்றில் ஒன்றும் செய்யாததுபோல் இருந்து, அடுத்த தலைமுறையைக் கொல்லும். 72 மணி நேரத்தில் நிறுத்தினால் தவறவிடுவோம். 96 அல்லது 120 வரை போக வேண்டும்.

பிறகு உடல். டி.எஸ்.எம்.1 என்ற சேர்மம் ஒட்டுண்ணியின் டி.எச்.ஓ.டி.எச்.சைச் சுமார் 47 நானோமோலாரில் தடுத்தது. மனித நொதியை 200 மைக்ரோமோலார் வரை தொடவில்லை. தேர்ந்தெடுத்துத் தாக்கும் திறன் நாலாயிரம் மடங்குக்கு மேல். ஆனால் எலியில் பலிக்கவில்லை. கல்லீரல் அதை வேகமாகச் சிதைத்தது. அதோடு எலி மலேரியா ஒட்டுண்ணியின் நொதி இந்த வகைச் சேர்மங்களுக்கு அவ்வளவாக மசிவதில்லை. மனிதச் சிவப்பணுவைச் சுமக்கும், நோயெதிர்ப்பு நீக்கிய எலியில் பால்சிபேரத்தையே வளர்த்துச் சோதிக்க வேண்டியிருந்தது. வேதி அமைப்பைத் திருத்தித் திருத்தி வந்ததுதான் டி.எஸ்.எம்.265, மனித உடலில் அரை ஆயுள் ஏறத்தாழ நான்கு நாள்.

அதையும் ஒட்டுண்ணி விடவில்லை. பெருவில் நடந்த மருத்துவச் சோதனையில் பால்சிபேரம் திரும்பத் தலைதூக்கிய சிலரிடம், அந்த நொதியின் 276ஆவது இடத்துச் சிஸ்டீன், டைரோசின் அல்லது ஃபினைல்அலனின் என்ற வேறு அமினோ அமிலமாக மாறியிருந்தது. வியப்பில்லை. இரத்தத்தில் 2 சதவீதச் சிவப்பணு பாதிக்கப்பட்ட பெரியவர் ஒருவரின் உடலில் சுமார் 50,000 கோடி ஒட்டுண்ணிகள் இருக்கும். நூறு கோடியில் ஒன்றுதான் மாறுகிறது என்றாலும், மருந்து கொடுக்கும் முன்பே ஐந்நூறு ஒட்டுண்ணிகள் அதற்குத் தயாராக இருக்கின்றன. அட்டோவகுவோனைத் தனியாகக் கொடுத்துப் பார்த்த தாய்லாந்துச் சோதனையில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு நோய் திரும்பியதும் இதே காரணத்தால்தான். இன்று அது புரோகுவானில் என்ற இன்னொரு மருந்தோடு சேர்த்தே தரப்படுகிறது.

எதிர்ப்பைத் தாண்டி வடிவமைக்க முடியுமா? முடியும் என்பதற்கு பி218 என்ற சேர்மம் சான்று. பைரிமெத்தமின் விறைப்பான மூலக்கூறு. அது தாக்கும் டைஹைட்ரோஃபோலேட் ரிடக்டேஸ் நொதியின் 108ஆவது அமினோ அமிலமான செரின் அஸ்பரஜினாக மாறினால், அதன் குளோரின் முனை இடித்துக்கொள்ளும். தாய்லாந்தின் யோங்யுத் யுத்தவோங் குழு நொதியின் படிக அமைப்பைப் பார்த்து, வளைந்துகொடுக்கும் நடுப்பகுதியோடு பி218ஐ வடிவமைத்தது, 2012இல் வெளியானது. இயற்கையான ஃபோலேட் எவ்வளவு இடத்தை அடைக்குமோ அந்த எல்லைக்குள்ளேயே இதுவும் அடங்கும். இதை வெளியே தள்ளும் மாற்றம் வந்தால் நொதி தன் சொந்த உணவையும் தள்ள நேரும்.

எதிர்த்திசைப் பாடமும் உண்டு. ஹீமோகுளோபினைச் செரிக்கும் பிளாஸ்மெப்சின் நொதிகள் நான்கையும் சேர்த்து நீக்கினாலும் ஒட்டுண்ணி வளர்ந்தது, ஒன்றில்லாவிட்டால் மற்றொன்று. பிளாஸ்மெப்சின் 2க்கு உழைத்த உழைப்பு பெரும்பாலும் வீண். பிளாஸ்மெப்சின் 9, 10 வேறு ரகம். அவை இல்லாமல் குஞ்சுகள் சிவப்பணுவை விட்டு வெளியேறவோ புதியதில் புகவோ முடியாது. இப்போது கவனம் அங்கே.

கணினியில் பொருத்திப் பார்க்கும் டாக்கிங் கட்டுரைகள் பற்றியும் சொல்லியாக வேண்டும். குவெர்செடின் போன்ற தாவரச் சேர்மம் ஏதோ ஒரு நொதிக்குள் நன்றாகப் பொருந்துகிறது என்பது கணினி தந்த மதிப்பெண். அந்தச் சேர்மம் சிவப்பணுச் சவ்வையும் ஒட்டுண்ணியின் சவ்வுகளையும் கடந்து அங்கே போய்ச் சேர்ந்ததா என்று கணினி பார்ப்பதில்லை. அதை நம்பி மூலிகைக் கஷாயத்தைக் காய்ச்சலுக்குக் குடித்துக்கொண்டு இரண்டு நாள் கடத்துவது உயிராபத்து. ஆர்ட்டீசுனேட் என்ற மலேரியா மருந்து ஒரு 48 மணிச் சுற்றில் ஒட்டுண்ணியைப் பத்தாயிரத்தில் ஒரு பங்காகக் குறைக்கும். அட்டோவகுவோன், டி.எஸ்.எம்.265 போன்ற நல்ல நொதித் தடுப்பான்களோ மெதுவாகவே வேகமெடுக்கும். கடுமையான மலேரியாவுக்கு முதலில் ஆர்ட்டீசுனேட் ஊசி போடுவதற்குக் காரணம் இதுதான்.