கடித்தது காலில், கண் ஏன் மூடுகிறது?

வெள்ளவத்தையில் எங்கள் மேல்மாடி அன்ரியின் தமையனுக்கு வவுனியாவில் வயல் வரம்பில் பாம்பு கடித்துவிட்டது. கண்ணாடி விரியன். ஆள் இப்போது சுகம். ஆனால் அன்ரி லிஃப்டுக்குள் வைத்துக் கேட்டார், "தம்பி, கடிச்சது காலில, கண் ஏன் மூடுது?" நல்ல கேள்வி. அதற்கு முதல் இரத்தத்தின் கதையைச் சொல்லவேண்டும்.

விரியன் கடி என்று போனால் ஆஸ்பத்திரியில் காய்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லிலீற்றர் இரத்தம் விட்டு, 20 நிமிடம் அசைக்காமல் வைத்துவிட்டுச் சரித்துப் பார்ப்பார்கள். சாதாரண இரத்தம் ஜெலி மாதிரி அடியில் ஒட்டி நிற்கும், விஷம் ஏறியது தண்ணீராக வழியும். பிளாஸ்டிக் குழாய் சரிவராது, ஏனென்றால் உறைதலைத் தொடக்கிவிடுவதே அந்தக் கண்ணாடிதான்.

வேடிக்கை என்னவென்றால், விஷம் இரத்தத்தை முதலில் உறையத்தான் வைக்கிறது. காயம் பட்டால் மட்டும் ஒன்றை ஒன்று தட்டி எழுப்பவேண்டிய புரதங்கள் நம் இரத்தத்தில் இருக்கின்றன. விரியன் விஷத்தின் நொதிகள் நடுவில் புகுந்து அவற்றில் பத்தாம் காரணி, ஐந்தாம் காரணி என்கிற இரண்டையும் நேரே கிளப்பிவிட, காயமே இல்லாத இடத்திலெல்லாம் உறைதல் தொடங்கி, கையிருப்பு ஃபைப்ரினோஜன் (உறைகட்டியாக மாறுகிற புரதம்) முழுக்கத் தீர்ந்துபோகும். மாதச் சம்பளத்தை முதல் கிழமையே முடித்த கதைதான். அப்புறம் முரசிலும் ஊசி குத்திய இடத்திலும் கசிகிற இரத்தத்தை நிறுத்த ஒன்றும் மிச்சமில்லை. பிளேட்டால் கீறி விஷம் எடுக்கிறேன் என்று நிற்பவர்களை நினைத்தால் எனக்குப் பயம்.

சரி, கண். இலங்கை விரியனின் விஷத்தில் பொஸ்போலிப்பேஸ் வகைப் புரதம் ஒன்று, நரம்பு தசையைத் தொடுகிற முனையில் வேலையைக் கெடுக்கிறது. கட்டளை தசைக்குப் போய்ச் சேராது. கண்ணைச் சுற்றியுள்ள சின்னத் தசைகள் முதலில் சோர்ந்து இமை விழும், ஒன்று இரண்டாகத் தெரியும். இது வழக்கமாக நாகமும் கட்டு விரியனும் செய்கிற வேலை (கட்டு விரியன் பெயரில்தான் விரியன், குடும்பத்தில் நாகத்தின் சொந்தம்). தென்னிந்தியாவில் சில இடங்களைத் தவிர்த்தால் மற்ற நாட்டுக் கண்ணாடி விரியன்களிடம் இந்தக் குணம் அரிது.

முன்பு நம்முடையதற்குப் 'புல்கெல்லா' என்று தனி உப இனப் பெயர் இருந்தது. பிறகு உடலமைப்பை ஒப்பிட்டுப் பார்த்து அதைக் கைவிட்டார்கள். 2007 இல் தென்கிழக்காசிய விரியனை மட்டும் தனி இனமாகப் பிரித்தார்கள். பெயர் ஒன்றானாலும் விஷம் ஒன்றாகவில்லை. இங்கே ஏற்றுகிற விஷமுறி மருந்தோ பெரும்பாலும் இந்தியப் பாம்புகளின் விஷத்தைக் குதிரைக்கு ஏற்றித் தயாரித்தது.

அந்த மருந்து விஷத்தைப் பிடித்துக் கட்டும், அவ்வளவுதான். செலவான ஃபைப்ரினோஜனை ஈரல்தான் திரும்பச் செய்யவேண்டும். அதற்கு நேரம் பிடிக்கும் என்பதால் 6 மணித்தியாலம் கழித்து இன்னொரு குழாயில் இரத்தம் எடுத்து, 20 நிமிடம் வைத்து, மறுபடி சரித்துப் பார்க்கிறார்கள். அன்ரியின் தமையனுக்கு மூன்றாவது குழாயில்தான் இரத்தம் ஒட்டி நின்றதாம்.