தலைகீழாகத் தொங்கும் கற்றாழை

"கடை வாசல்ல கட்டின கற்றாழை நாலு மாசமா மண்ணும் தண்ணியும் இல்லாம பச்சையா இருக்கே, எப்படி?" என்று பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். எம்.சி. ரோட்டில் நடந்தால் படிகாரத்தோடு சேர்ந்து தலைகீழாகத் தொங்குவதைப் பார்க்கலாம். வாடினால் திருஷ்டியை வாங்கிக்கொண்டதாம், வாடாவிட்டால் விரட்டிவிட்டதாம். எதில் முடிந்தாலும் பெயர் கற்றாழைக்குத்தான்!

இலைத்துளை வழியே கரியமில வாயு உள்ளே வரும், நீராவி வெளியே போகும். பள்ளிக்கூடப் பாடம்தான். பகல் வெயிலில் துளையைத் திறக்கும் சாதாரணச் செடி, ஒரு கிராம் கரியமில வாயுவுக்கு 400 முதல் 500 கிராம் நீரை இழக்கிறது. கற்றாழை வகைக்கு 50 முதல் 100 கிராம்தான்.

எப்படி? காசிமேட்டில் இருட்டோடு மீனை ஏலம் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்துப் பகலில் விற்பார்களே, அதே கணக்கு. வெக்கை தணிந்த ராத்திரியில் துளையைத் திறந்து, வந்த வாயுவை மாலிக் அமிலமாக மாற்றி, செல்லின் நுண்குமிழில் அடைத்து வைக்கிறது. விடிந்ததும் துளையை மூடிவிட்டு அமிலத்தை உடைக்கிறது. வெளிவரும் வாயு உள்ளேயே சர்க்கரையாகிறது. அதனால் இலைச்சாறு காலையில் அதிகப் புளிப்பு, சாயங்காலம் குறைவு.

இதை நாக்கிலேயே பிடித்தவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளர் பெஞ்சமின் ஹெய்ன். நாம் 'கட்டிப்போட்டால் குட்டிபோடும்' என்கிற ரணகள்ளி இலை காலையில் புளிக்கிறது, உச்சிவேளையில் சப்பென்றிருக்கிறது, மாலையில் லேசாகக் கசக்கிறது என்று 1813-இல் கடிதம் எழுதினார். (நீங்கள் மென்று பார்க்க வேண்டாம், அதில் இதயத்தைப் பாதிக்கும் நஞ்சு உண்டு. கற்றாழைச் சாற்றில், புளிப்பின் அளவை நிறத்தில் காட்டும் பிஎச் தாளை நனைத்தால் போதும். பல பள்ளிகளில் அந்தத் தாளே பூட்டிய அலமாரிக்குள் கிடக்கிறது என்பது என் பழைய வயிற்றெரிச்சல்.)

சரி, வாசலில் தொங்குவதற்கு வருவோம். வறட்சி முற்றினால் இந்த வகைச் செடிகள் ராத்திரியும் துளையைத் திறப்பதில்லை. தன் சுவாசத்தில் வெளிவரும் வாயுவையே திரும்பத் திரும்பப் பிடித்துச் சர்க்கரையாக்கும். இலைக்குள் இருக்கும் கற்றாழைச் சோற்றின் நீர், மெழுகுத் தோலைத் தாண்டிச் சொட்டுச் சொட்டாகத்தான் குறையும். வளர்ச்சி கிடையாது. அடியிலைகள் முதலில் சுருங்கும்.

கேட்டவருக்கு ஒரு யோசனை: நூலை அறுத்துத் தொட்டியில் நட்டுப் பாருங்கள், வேர் விடலாம். முதல் சில நாள் தண்ணீர் ஊற்றாதீர்கள், அழுகிவிடும்.