பூனைக்கு எய்ட்ஸ் தடுப்பூசியா?

‘பூனை எய்ட்ஸ் தடுப்பூசி’ என்று மறுபடியும் ஒரு மொழிபெயர்ப்பில் படித்தேன். பூனைகளின் நோயெதிர்ப்பாற்றலைக் குறைக்கும் எஃப்.ஐ.வி. என்ற வைரஸுக்கான தடுப்பூசியைத்தான் அப்படி ஆக்கியிருக்கிறார்கள்.

‘தடுப்பூசி’யில் குறையில்லை. ‘வேக்சின்’, பசுவைக் குறிக்கும் ‘வேக்கா’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. 1796இல் ஆங்கில மருத்துவர் ஜென்னர், பெரியம்மையைத் தடுக்க மாட்டம்மைக் கொப்புள நீரை வைத்துச் செய்த சோதனையின் எச்சம். நம்மவர்கள் பசுவை விட்டுவிட்டு, அது செய்யும் வேலையைப் பெயராக்கினார்கள். நல்லது.

என் சண்டை ‘எய்ட்ஸ்’ஸோடு. அது கிருமியின் பெயரே அல்ல, மனிதருக்கு ஹெச்.ஐ.வி. தொற்று முற்றிய நிலையின் பெயர். 1986இல் கலிஃபோர்னியாவின் பெட்டலூமாவில் நோயுற்ற பூனைகளிடமிருந்து ஆய்வாளர்கள் பெடர்சனும் யமமோட்டோவும் பிரித்தெடுத்த இந்த வைரஸ், ‘லென்டிவைரஸ்’ வகை. ‘லென்டஸ்’ என்றால் லத்தீனில் மெதுவானது. தொற்றிய பூனை ஆண்டுக்கணக்கில் நோய்க்குறி இல்லாமலே திரியலாம். அதற்குப் போய் எய்ட்ஸா? பூனைகள் சண்டையில் கடித்துக்கொள்ளும்போதுதான் பெரும்பாலும் பரவுகிறது, மனிதருக்குத் தொற்றாது. ஆனால் ‘எய்ட்ஸ்’ என்று படித்த வீட்டில் அந்தப் பூனைக்கு மறுநாள் பால் வைப்பார்களா?

இன்னொரு கூத்து. அமெரிக்காவில் 2002இல் வந்து பின்னர் நிறுத்தப்பட்ட தடுப்பூசி, செயலிழக்கச் செய்த வைரஸால் ஆனது. அது எதிர்ப்பொருளை, அதாவது கிருமியை எதிர்க்க உடல் சுரக்கும் புரதத்தை, உண்டாக்கும். வழக்கமான பரிசோதனை தேடுவதும் அதே எதிர்ப்பொருளை. ஊசி போட்ட பூனைக்கும் ‘பாசிட்டிவ்’ என்று வரக்கூடும். இவர்கள் தமிழில் அது ‘எய்ட்ஸ் பூனை’ ஆகிவிடும்! பரபரப்பான தலைப்புக்காகச் சொல் தேடுகிறவர்களிடம் மருத்துவத்தைக் கொடுத்தால் இப்படித்தான்.

‘பூனை நோயெதிர்ப்புக் குறைபாட்டு வைரஸ்’ என்று எழுதுவோர் எவ்வளவோ மேல். ஆனாலும் ‘குறைபாட்டு வைரஸ்’ என்கையில் வைரஸே அரைகுறையாகப் பிறந்தது போலத் தொனிக்கிறது. குறைவது பூனையின் ஆற்றல், குறைப்பது வைரஸ். ஆகவே ‘பூனை எதிர்ப்பாற்றல் குறைப்பு நச்சுயிரி’ என்பேன். ‘வைரஸ்’ என்ற லத்தீன் சொல்லுக்கே நஞ்சு என்றுதான் பொருள். வைரஸுக்குச் சிலர் எழுதும் ‘தீநுண்மி’ வேண்டாம், தீங்கு செய்யும் எந்த நுண்மிக்கும் அது பொருந்திவிடும்.

நீளம் என்பார்கள். முதல் இடத்தில் முழுப்பெயரை எழுதிவிட்டு, அப்புறம் ‘எஃப்.ஐ.வி. தடுப்பூசி’ என்றே போகட்டும்.