குட்கா தடை: தடுக்கப்படுவது எது, மெல்லுபவருக்கு உள்ள உதவி எது

உள்ளங்கையில் புகையிலைத் தூளைக் கொட்டி, சுண்ணாம்பு சேர்த்துக் கட்டைவிரலால் கசக்கி, கீழுதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே அடக்கிக்கொள்பவர்களில் பலர், புகை வராததால் கேடும் இல்லை என்றே நம்புகிறார்கள். ஆனால் அந்தச் சுண்ணாம்பின் காரத்தன்மைதான் நிக்கோட்டினை விரைவாக இரத்தத்தில் கலக்கச் செய்கிறது. புகையில்லாப் புகையிலை வாயிலும் உணவுக்குழாயிலும் கணையத்திலும் புற்றுநோயை உண்டாக்கும் என்பது ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டுள்ளது; குட்காவில் புகையிலையோடு சேரும் பாக்கும் தன்னளவிலேயே புற்றுநோய்க் காரணி. 2016-17ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் வயதுவந்தோரில் 21.4 சதவீதம் பேர் புகையில்லாப் புகையிலையைப் பயன்படுத்தினர்.

தமிழ்நாட்டில் குட்காவும் புகையிலை கலந்த பான்மசாலாவும் 2013 மே மாதம் முதல் தடை செய்யப்பட்டுள்ளன. உணவுப் பொருளில் புகையிலையோ நிக்கோட்டினோ சேரக் கூடாது என்பது 2011ஆம் ஆண்டின் ஒழுங்குமுறை விதி; பொதுநலன் கருதி ஓர் உணவுப் பொருளை அதிகபட்சம் ஓராண்டுக்குத் தடைசெய்யும் அதிகாரத்தை 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 30, மாநில உணவுப் பாதுகாப்பு ஆணையருக்குத் தருகிறது. எனவேதான் ஆண்டுதோறும் புதிய ஆணை வருகிறது. இப்படி ஆண்டுக்கு ஆண்டு நீட்டிப்பது செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023 ஜனவரியில் கூறியது. அதே ஆண்டு ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்திவைத்தது.

பாக்குத் தூளை ஒரு பொட்டலத்திலும் புகையிலையை மற்றொன்றிலும் அடைத்து, வாங்குபவரே கலந்துகொள்ளும்படி விற்பதும் இத்தடைக்குள் அடங்கும். இதை அறியாமல் ‘தனித்தனியாகத்தானே விற்கிறார்கள்’ என்று பலர் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். தாராளமாகப் புகார் தரலாம். மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலரிடமோ காவல் நிலையத்திலோ கடையின் இடத்தைக் குறிப்பிட்டுத் தெரிவித்தால் போதும்.

பள்ளிப் பிள்ளைகளைப் பொறுத்தவரை சட்டம் இன்னும் கடுமையானது. கல்வி நிறுவனத்தைச் சுற்றி 100 கெஜத்துக்குள் எந்தப் புகையிலைப் பொருளையும் விற்கக் கூடாது. 18 வயது நிறையாதவருக்கு எங்குமே விற்கக் கூடாது. சிறார் நீதிச் சட்டம் 2015, பிரிவு 77இன்படி, குழந்தைக்குப் புகையிலை கொடுப்பவருக்கு ஏழாண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். கடைக்குப் போய்ப் பொட்டலம் வாங்கிவரச் சிறுவனை அனுப்பும் பெரியவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

உற்பத்தி, இருப்பு, விநியோகம், விற்பனை ஆகியவற்றையே தடை ஆணை குறிவைக்கிறது. மெல்லும் பழக்கமுள்ளவரை அது குற்றவாளியாக்கவில்லை. ஆகவே உதவி கேட்க அவர் அஞ்ச வேண்டியதில்லை. பழக்கத்தை விட விரும்புவோர் 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண்ணில் ஆலோசனை பெறலாம். வாய்க்குள் வெள்ளைத் திட்டோ, இரண்டு வாரமாகியும் ஆறாத புண்ணோ இருந்தாலும், மூன்று விரல்களைச் சேர்த்து நுழைக்க முடியாதபடி வாய் இறுகியிருந்தாலும், வலி வரும்வரை காத்திராமல் அரசு மருத்துவமனையின் பல் மருத்துவப் பிரிவில் அந்த வாரமே காட்ட வேண்டும்.