தண்ணீர் உறைந்துவிட்டது என்று ஐஸ் மேக்கருக்கு யார் சொல்வது?

பக்கவாட்டில் இரண்டு கதவு உள்ள ஃப்ரிட்ஜில் ஐஸ் விழுவது திடீரென்று நின்றுவிட்டது, மெக்கானிக்கைக் கூப்பிடுவதற்கு முன் வீட்டிலேயே என்ன பார்க்கலாம் என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். தண்ணீர்க் குழாயோடு இணைத்துவிட்டால் தானே ஐஸ் கட்டி செய்து பெட்டியில் கொட்டும் வகை அது. நிறையவே பார்க்கலாம். அதற்கு முன், அந்த இயந்திரம் எப்படி யோசிக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது.

வேலை எளியதுதான். வால்வு திறந்து தட்டில் தண்ணீர் விழும், உறையும், கட்டிகள் பெட்டிக்குள் விழும், மறுபடியும் தண்ணீர். ஆனால் கட்டி உள்ளே வரை உறைந்துவிட்டது என்று அதற்கு எப்படித் தெரிகிறது? அவசரப்பட்டுக் கவிழ்த்தால் நடுவில் மிச்சமிருக்கும் தண்ணீர் பெட்டிக்குள் கொட்டி, இருக்கிற கட்டிகளெல்லாம் ஒட்டிப் பாறையாகிவிடும்.

தட்டின் அடியில் ஒரு சின்ன வெப்ப உணரி ஒட்டிக்கொண்டிருக்கிறது. அலுமினிய அச்சு உள்ள மாடல்களில் சுமார் மைனஸ் 9 டிகிரி செல்சியஸுக்கு வந்ததும் அது சைகை கொடுக்கும். பூஜ்ஜியத்திலேயே கொடுத்தால் என்ன? இங்கேதான் பள்ளியில் படித்த உள்ளுறை வெப்பம் வந்து நிற்கிறது. 25 டிகிரியில் இருக்கும் ஒரு கிராம் தண்ணீரை 0 டிகிரிக்குக் கொண்டுவர 25 கலோரி எடுத்தால் போதும். அதே 0 டிகிரியில் அதை ஐஸாக்க 80 கலோரி எடுக்கவேண்டும். அப்புறம் மைனஸ் 9 வரை இறக்க வெறும் நாலரை கலோரி. அதனால் வெப்பநிலை முதலில் மடமடவென்று இறங்கும். பூஜ்ஜியத்துக்கு வந்ததும் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிடும். தண்ணீர் உறைந்து முடிகிறவரை எழுந்திருக்காது. முடிந்ததும் சரசரவென்று கீழே போகும். ஆக, மைனஸ் 9 என்பது குளிர்ச்சியின் அளவு மட்டுமில்லை. உள்ளே தண்ணீர் மிச்சமில்லை என்பதற்கு இயற்கை போட்டுத் தரும் கையெழுத்து. எவ்வளவு அழகான ஏற்பாடு!

இந்த மறைந்திருக்கும் வெப்பத்தை 1760-களில் அளந்து சொன்னவர் கிளாஸ்கோவில் பாடம் நடத்திய ஜோசப் பிளாக். கண்ணாடிப் பாத்திரங்களும் தெர்மாமீட்டரும் பொறுமையும்தான் அவருடைய ஆய்வுக்கூடம். "இதனால் உடனே என்ன லாபம்?" என்று கேட்டுத்தான் ஆராய்ச்சிக்குப் பணம் தருவோம் என்பவர்கள் ஐஸ் மேக்கரைத் திறந்து பார்க்கவேண்டும்.

சைகை வந்தபின் கொட்டும் விதம் இரண்டு. பிளாஸ்டிக் தட்டு என்றால் மோட்டார் அதைத் துணி பிழிவதுபோல் முறுக்கும். அலுமினிய அச்சு என்றால் அடியிலுள்ள ஹீட்டர் அச்சைச் சூடாக்கும். கட்டியின் ஓரம் மெல்லிய படலமாக உருகும். விரல் போன்ற முனைகளின் வரிசை ஒன்று, ஐஸ் பிடி விடும்வரை பொறுமையாக அழுத்திக்கொண்டே நிற்கும்.

இனி கோளாறு. முதலில் பார்க்கவேண்டியது, பெட்டி நிறைந்துவிட்டதா என்று தடவிப் பார்க்கும் கம்பி. பட்டாணிப் பாக்கெட்டோ, கோணலாகக் கிடக்கும் ஒரு கட்டியோ அதைத் தூக்கிவிட்டிருந்தால், பெட்டி நிறைந்துவிட்டதாக நினைத்து இயந்திரம் சும்மா இருக்கும். கதவுப் பலகத்தில் ஐஸ் பொத்தான் அணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அடுத்து ஃப்ரீசர் மைனஸ் 18-இல் இருக்கிறதா? ஐஸ்கிரீம் கரண்டிக்கு மெத்தென்று வழிவிட்டால் குளிர் போதவில்லை. கதவு ரப்பரையும், சாமான் அடைத்து மறைத்த காற்று வழியையும் கவனியுங்கள்.

நம் வீடுகளில் பெரும்பாலும் குற்றவாளி தண்ணீர் அழுத்தம்தான். பல மாடல்கள் தண்ணீரை அளப்பதில்லை. வால்வைச் சுமார் 7 வினாடி திறந்துவைத்து, 130 மில்லி வந்திருக்கும் என்று நம்பிக்கொள்கின்றன. தயாரிப்பாளர்கள் பொதுவாகக் கேட்கும் குறைந்தபட்ச அழுத்தம் 1.4 பார் (பார் என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு). 10 மீட்டர் உயரத்துக்கு 1 பார் என்பது கணக்கு. மாடித் தொட்டி ஃப்ரிட்ஜுக்கு 5 மீட்டர் மேலே இருந்தால் கிடைப்பது அரை பார்தான். ஆர்ஓ சவ்விலிருந்து நேராக இணைத்தால் இன்னும் மோசம். மணிக்கு 15 லிட்டர் வடிகட்டும் கருவி 7 வினாடியில் தருவது வெறும் 29 மில்லி. கட்டி சிறுத்தோ, நடுவில் கூடாகவோ வருவதற்கு இதுதான் வழக்கமான காரணம். சோதிக்க, பிளக்கைப் பிடுங்கி, தண்ணீர்க் குழாயை அடைத்து, பின்பக்கக் குழாயைக் கழற்றி, தண்ணீரை மறுபடி திறந்து ஓர் அளவு டம்ளரில் 7 வினாடி விடுங்கள். 130 மில்லிக்கு நன்றாக மேலே வரவேண்டும். இல்லையென்றால் பூஸ்டர் பம்ப் போடாமல் வேறு எதை மாற்றினாலும் காசு வீண். இங்கே நன்றாக வந்தும் தட்டுக்குப் போதவில்லையென்றால் ஃபில்டரைச் சந்தேகியுங்கள். அதன் ஆயுள் பொதுவாக 6 மாதம். உப்புத் தண்ணீர் என்றால் அதற்கும் முன்பே அடைத்துக்கொள்ளும்.

அழுத்தம் குறைந்தால் இன்னொரு தொல்லையும் உண்டு. வால்வின் ரப்பர் சவ்வை அமுக்கி மூடிவைப்பது தண்ணீரின் அழுத்தமேதான். அது போதாதபோது சொட்டுச் சொட்டாகக் கசியும். அந்தச் சொட்டு தட்டுக்குத் தண்ணீர் விடும் குழாயின் வாயிலேயே உறைந்து அடைத்துக்கொள்ளும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கீழே ஒரு துணியை விரித்து, ஊசியில்லாத சிரிஞ்சில் வெதுவெதுப்பான தண்ணீரை எடுத்து அந்த வாயில் கொஞ்சம் கொஞ்சமாகப் பீய்ச்சினால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் குச்சி ஐஸ் போல நழுவி வரும். கத்தியோ ஸ்க்ரூடிரைவரோ வேண்டவே வேண்டாம். இப்போது வரும் ஃப்ரிட்ஜ்களில் பெரும்பாலும் ஐசோபியூட்டேன் என்ற எரியும் வாயு ஓடுகிறது. குழாயில் ஓட்டை விழுந்தால் ஃப்ரிட்ஜும் போச்சு, ஆபத்தும் வந்தது. மெழுகுவத்தி, லைட்டர் பக்கத்திலேயே வரக்கூடாது.

கட்டியின் நடுவில் தெரியும் வெள்ளையைக் கெமிக்கல் என்று வாட்ஸப்பில் பயமுறுத்துகிறார்கள். தண்ணீர் ஓரத்திலிருந்து உறையும்போது, கரைந்திருந்த காற்றையும் உப்பையும் உள்ளே தள்ளிக்கொண்டே போகிறது. ஒதுங்க இடமில்லாமல் அவை நடுவில் கூடுகின்றன, அவ்வளவுதான்.

குழாயைத் திரும்ப மாட்டி, கசிவில்லை என்று பார்த்து, பிளக்கைப் பிடுங்கி ஐந்து நிமிடமாவது ஆனபின் மாட்டுங்கள். ஒரு நாள் முழுக்கக் காத்திருங்கள். முதல் இரண்டு மூன்று ஈடு கட்டிகளைக் கொட்டிவிடுங்கள். அப்புறமும் தட்டில் தண்ணீரே இல்லையென்றால் வால்வு, தண்ணீர் உறைந்தும் கொட்டவில்லையென்றால் உணரி அல்லது மோட்டார். இரண்டையும் சோதிக்க மின்சாரம் ஓடும் இடத்தில் மீட்டர் வைக்கவேண்டியிருக்கும். அது மெக்கானிக்கின் வேலை.